வலப்பக்கத்து யன்னல்

பறப்பதற்கு முன்னாலேயே நான் விமானத்தைப் புல்லுக்குள் இறக்கிவிட்டேன். முதல் நாள், முதல் பத்து நிமிடத்திற்குள். ஓடுபாதைக்குப் போகும் வழியில் வலப்பக்கம் திருப்பச் சொன்னாள், எனக்குப் பறக்கக் கற்றுத்தர வந்த பெண். நான் இடது காலை அழுத்தினேன். விமானம் இடப்பக்கம் போனது. பதறிப்போய் இடது காலை இன்னும் பலமாக அழுத்தினேன். அது தார் விளிம்பைத் தாண்டி, ஒரு சக்கரத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு நின்றது. அங்கே நின்ற இரண்டு கொக்குகள் அவசரப்படாமல் விலகிக்கொண்டன.

"அங்கிள், நான் வலதுன்னுதானே சொன்னேன்?"

எனக்கு நாற்பத்துநான்கு வயது, அவளுக்கு இருபத்தேழு. அங்கிள் என்று கூப்பிடுவதில் பிழை இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மட்டக்களப்பு வாவியில் தோணிகளையும் வலைகளையும் பரிசோதிப்பது என் உத்தியோகம். பதினாறு வருடமாக எஞ்சின் போட்டின் பின்பக்கத்தில் குந்தியிருந்து ஓட்டுகிறேன். எஞ்சினின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் கிறுகும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் கிறுகும். இதை எங்களில் யாரும் யோசித்துச் செய்வதில்லை. விமானத்தை நிலத்தில் திருப்புவதற்குக் காலடியில் இரண்டு மிதிகள் இருக்கின்றன. வலது மிதியை அழுத்தினால் வலப்பக்கம், இடது மிதியை அழுத்தினால் இடப்பக்கம். குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். என் காலுக்கு மட்டும் விளங்கவில்லை.

போட் விஷயத்தை அவளுக்கு விளக்கினேன். அவள் நீர்கொழும்புக்காரி. சிரித்தாள்.

"எங்க அப்பாவும் போட்காரர்தான் அங்கிள். அதனாலதான் அவரை இதுக்குள்ள ஏத்துறதே இல்லை."

அது இருவர் மட்டும் இருக்கக்கூடிய மிகச் சிறிய விமானம். இறக்கை தலைக்கு மேலே இருக்கும். கதவைச் சாத்தினால் இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், அவள் என் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். ஆனால் இரண்டு வருடமாக, நெரிசலான பஸ்ஸில் தவிர, என் தோளில் இன்னொரு மனிதரின் தோள் பட்டதில்லை. அந்த முதல் நாள் சக்கரம் புல்லில் நிற்க, எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது நன்றாக இருந்தது. அதற்காகத்தான் அடுத்த நாளும் போனேன். பறக்கும் ஆசையெல்லாம் பிறகு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வளவுக்குப் போகிறவன். நான் வவுணதீவிலிருந்து வாவியைக் கடந்து கல்லடிக்குப் போனேன். அந்த வளவில் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வீடு. நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைந்து போக ஒரு கடப்பு. மகளுக்குப் பத்து வயதானபோது மேலே ஒரு மாடி எழுப்பத் தொடங்கினோம். கீழ் வீடு தாய்க்கு, மேல் வீடு மகளுக்கு என்று கணக்கு. வெளிப்பக்கமாகப் படி கட்டி, கொங்கிறீற் தட்டும் போட்டு, தூண்களுக்குக் கம்பியும் விட்டாயிற்று. கம்பிகள் இன்னும் அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மகள் கனடாவில் படிக்கிறாள்.

அவளும் தாயும் போய் இரண்டு வருடமாகிறது. நான் பின்னால் போவதாகத்தான் ஏற்பாடு. நிரப்ப வேண்டிய படிவங்கள் ஒரு பெரிய உறையில் வந்தன. வாவியை விட்டுவிட்டு அந்தக் குளிரில் போய் என்ன செய்வேன் என்று எல்லோரிடமும் கேட்டேன். அது பாதி உண்மை, மீதி பிடிவாதம். மனைவி ஒரு நாள் தொலைபேசியில், "வாறதெண்டா வாங்க. வரல்ல எண்டா ஒருக்காச் சொல்லுங்க. நான் மறுகா கேக்க மாட்டன்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் சொன்ன சொல் மாறாமல் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் முகத்தைக் காட்டுவாள். பரீட்சை எப்படி என்று நான் கேட்பேன், சாப்பாடு எப்படி என்று அவள் கேட்பாள். அத்தோடு இருவருக்கும் பேச்சு முடிந்துவிடும்.

அடுத்த வீட்டு மச்சாள், மனைவியின் அக்கா, அன்றோடு என்னுடன் பேச்சை நிறுத்திவிட்டார். வேலியின் கடப்பைப் பழைய தகரம் ஒன்றால் மறைத்தார். காலையில் அவர் முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். நான் வெளியே வந்தால் சத்தம் நிற்கும். குறை சொல்ல எனக்கு வாயில்லை. தங்கையின் வீட்டில் தங்கை இல்லை, நான் மட்டும் சட்டமாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரி இல்லாத வீட்டில் புருஷன் என்பவன் காவற்காரன்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல காவற்காரனாகத்தான் இருந்தேன். கூட்டித் துடைத்து, கிணற்றுக்கு மருந்து போட்டு, விழுந்த தேங்காய்களில் பாதியை எண்ணாமல் வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் வைப்பேன். அடுத்த நாள் அவை அங்கே இருக்காது. அவ்வளவுதான் எங்கள் போக்குவரத்து.

அப்படியிருக்கும்போதுதான், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பயிற்சி விமானம் மட்டக்களப்பில் நிற்கும் என்று கேள்விப்பட்டேன். வவுணதீவு வட்டையில் அப்பா வழியில் எனக்கு வந்த வயற்பங்கை விற்றேன். கந்தோரில் காலையில் இரண்டு மணித்தியாலம் பிந்தி வேலைக்கு வர அனுமதி வாங்கினேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள் என்பதும் ஒரு காரணம்.

மேலே போன முதல் வாரம் முழுக்க நான் தேடியது என் வீட்டைத்தான். மேற்கே பார்த்து ஏறி, விற்ற வயலுக்கு மேலால் போய், இடப்பக்கமாகக் கிறுகிக் கிறுகி, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் திரும்பி வருவோம். அப்போது கீழே வாவி, முன்னால் வலப்பக்கத்தில் நகரம், பாலம், அதற்கப்பால் கல்லடி, கடல். கற்றுக்கொள்கிறவனுக்கு இடது இருக்கை. ஆகவே கல்லடி எப்போதும் அவளுடைய யன்னலில்தான் தெரியும். அவளுடைய தலைக்கும் காதில் மாட்டிய கருவிக்கும் இடையில் எட்டிப் பார்ப்பேன். தென்னை, கூரை, தென்னை, கூரை. இருபது வருடம் குடியிருந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். அடியில் ஒரு சிவப்புப் படுக்கை விரிப்பு இருந்தது, கலியாணத்துக்கு வந்தது. கண்ணைப் பறிக்கிற நிறம் என்று மனைவி அதை விரித்ததே இல்லை. மறுநாள் காலையில் கொங்கிறீற் தட்டில் ஏறி, மகளின் வீட்டுக்கு விட்ட இரண்டு கம்பிகளுக்கு நடுவே கயிறு கட்டி, விரிப்பைத் தொங்கவிட்டு, காற்றில் பறக்காமல் துணிப் பிடிகளும் போட்டுவிட்டுப் போனேன். எட்டு மணிக்கு மேலேயிருந்து பார்த்தேன். பாலத்துக்கு அப்பால், தென்னைகளுக்கு நடுவே, ஒரு சிவப்புப் புள்ளி.

"என்ன அங்கிள், சிரிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல" என்றேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் கட்டுவேன். பின்னேரம் கந்தோர் முடிந்து நாலரைக்கு வந்ததும் அவிழ்ப்பேன். தூசியும் வியர்வையும் படாத விரிப்பைத் தினமும் காயவைக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் மூளை பிசகிவிட்டது என்றுதான் தோன்றும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் எனக்காகக் கை காட்ட ஆளில்லை. நானே எனக்குக் கை காட்டிக்கொண்டேன்.

ஒரு மாதம் போனது. ஏறவும் திருப்பவும் இறக்கவும் பழகிவிட்டேன். நிலத்தில் மட்டும், அவசரம் வந்தால், இடது கால் முந்திக்கொண்டது. அவள் அமைதியாக "வலது" என்பாள். கால் மாறிக்கொள்ளும். வரவர அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லை எதிர்பார்த்தே ஓட்டத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகு கதவைத் திறக்காமல் இருந்தாள்.

"அங்கிள், ஒண்ணு சொல்லட்டா? நீங்க ஒவ்வொண்ணையும் செஞ்சிட்டு என் முகத்தைப் பார்க்கிறீங்க. சரியாச் செஞ்சாலும் பார்க்கிறீங்க, பிழையாச் செஞ்சாலும் பார்க்கிறீங்க."

"பழக்கம்" என்றேன்.

"முகத்தைப் பார்க்கிறதை நிறுத்துற வரைக்கும் நான் உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். தனியாப் போறப்போ இந்தப் பக்கத்தில முகம் இருக்காது."

தனியாகப் பறப்பது. பாடத்தின் முதல் எல்லை அதுதான் என்று எனக்குத் தெரியும். அவள் இறங்கிக்கொள்ள, நான் மட்டும் மேலே போய்ச் சுற்றி வந்து இறங்க வேண்டும். அதற்காகத்தான் எல்லோரும் கற்கிறார்கள். எனக்கோ அதுதான் வேண்டாதது. தனியாக இருப்பதற்கு வயலை விற்றா வர வேண்டும்? அதற்கு வீடு போதும்.

அவள் அடுத்த நாளிலிருந்து பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். நான் திரும்பினால் அதற்குள் என் முகம்தான் தெரிந்தது. அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததால், கைப்பையை எங்கள் நடுவில் தூக்கிப் பிடித்து என் பக்கத்து முகத்தை மட்டும் மறைத்தாள். நல்ல பிள்ளை, விட்டுக்கொடுக்கவே இல்லை.

இன்னும் இரண்டு வாரம் போக, மழை தொடங்குமுன் விமானத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள் என்றாள். எனக்கு மிச்சமிருந்தது எட்டு நாள்.

"தனியாப் போகாமலே முடிஞ்சா?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான். நீங்க நாப்பது தரம் விமானத்தில ஏறின பயணி, அங்கிள்."

அன்று கந்தோரில் ஒரு வேலையும் ஓடவில்லை. அவள் சுருக்கென்று குத்தவேண்டும் என்று சொல்லவில்லை, ஆனால் குத்தியது. மனைவியின் வீட்டில் பயணி, மகளின் போனில் பயணி, இங்கும் அதுதானா? இத்தனை நாள் யாராவது பக்கத்தில் இருக்கட்டும் என்று போனவனுக்கு, அன்று முதல்தரம் அந்த இருக்கை காலியாக வேண்டும் என்ற வெறி வந்தது. மறுநாள் அவள் பக்கம் திரும்பாமல் மூன்று தரம் இறக்கினேன். நான்காம் தரம் கழுத்து தானாகத் திரும்பியது. என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலையில் காற்று குறுக்கே அடித்தது. அவள் கம்பத்தில் ஆடும் காற்றுப் பையைப் பார்த்து, "இப்ப வேணாம். பின்னேரம் நாலரைக்கு வாங்க" என்றாள். கந்தோரிலிருந்து நேரே போனேன். ஒரு சுற்றுச் சேர்ந்து பறந்தோம். நான் முன்னால் பார்த்தபடியே இறக்கினேன். ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கதவைத் திறந்து இறங்கினாள். காலியான இருக்கையின் பட்டியை இழுத்துப் பூட்டினாள்.

"மூணு சுற்று. நான் இங்கதான் நிப்பேன். ரேடியோவில தேவையில்லாமப் பேச மாட்டேன்."

கதவைச் சாத்தினாள். தோளுக்குப் பக்கத்தில் காற்று மட்டும் இருந்தது.

அவள் இல்லாத விமானம் பாரம் குறைந்து சட்டென்று எழும்பியது. நான் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே சக்கரம் நிலத்தை விட்டுவிட்டது. விற்ற வயல் கீழே போனது. இடப்பக்கம் கிறுகினேன், மறுபடி கிறுகினேன். வாவி. பிறகு வலப்பக்கம் பார்த்தேன். அவளுடைய தலை இல்லாததால் யன்னல் முழுக்கக் கல்லடி. பாலம், கோயில், கடற்கரை வரிசை, எல்லாம் மறைப்பில்லாமல். தென்னைகளுக்கு நடுவே சிவப்பு, எப்போதும் இருக்கும் இடத்தில். "இந்தா இருக்கன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை, எஞ்சின் அவ்வளவு சத்தம். இறக்கினேன். இறக்கியதும் கழுத்து திரும்பியது. பூட்டிய பட்டி மட்டும் கிடந்தது.

இரண்டாம் சுற்று. அதே இடம், அதே உயரம். வலப்பக்கம் பார்த்தேன். சிவப்பு இல்லை.

இடம் மாறிப் பார்க்கிறேனோ என்று பாலத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். இல்லை. காற்று அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அல்லது பிடி கழன்றிருக்கும். துணிதானே என்று சொல்லிப் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. ஆயிரம் அடி உயரத்தில், ஒருவருக்கும் தெரியாமல், ஒருவரும் பார்க்காமல், எனக்கென்று நானே வைத்த அடையாளமும் இல்லாமல் நான் போய்க்கொண்டிருந்தேன். இந்த விமானம் வாவிக்குள் விழுந்தால் என்னைத் தேடி முதலில் வருவது நான் வலை பறிமுதல் செய்த ஆட்களாகத்தான் இருக்கும். அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, இரண்டு கைக்கும் வேலை இருந்தது. இரண்டாவது இறக்கம் எப்படி நடந்தது என்று இன்றைக்கும் நினைவில்லை.

மூன்றாம் சுற்றில் வலப்பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்க ஒன்றுமில்லை. ஓடுபாதையை மட்டும் பார்த்தேன். சக்கரம் தொட்டதும் குறுக்குக் காற்று ஒன்று வந்து விமானத்தின் மூக்கை இடப்பக்கம் தள்ளியது. இடது கால் துடித்தது. பதினாறு வருடப் பழக்கம். புல் கிட்ட வந்தது. ஒரு குரலுக்காகக் காத்திருந்தேன். ரேடியோ பேசவில்லை. பிறகு நானே சொன்னேன், உரத்து.

"வலது."

வலது காலை அழுத்தினேன். மூக்கு நடுக்கோட்டுக்கு வந்தது.

நிறுத்திவிட்டு இறங்கினால் அவள் ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கிறாள். முதல்தரம் தனியாகப் பறந்தவரைக் குளிப்பாட்டுவது அவர்கள் வழக்கமாம். தலையிலிருந்து சப்பாத்துவரை நனைத்தாள். அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

"படம் எடுக்கட்டா அங்கிள்? வீட்டுக்கு அனுப்பலாம்."

"வேணாம் பிள்ள" என்றேன்.

நனைந்த உடுப்போடு மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்தேன். காற்றில் பல்லுக் கிட்டியது. விரிப்பைத் தேட வேண்டும், எந்தத் தென்னையில் சிக்கியதோ என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. படலையைத் திறந்து உள்ளே வந்தபோது என் வீட்டு வெளிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில், மச்சாள் உட்கார்ந்திருந்தார். மடியில் சிவப்பு விரிப்பு, மடித்தபடி. வேலியின் கடப்பில் தகரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது, நனைஞ்சுபோய் வாறீங்க? போட் கவிண்டிட்டா?"

கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இல்ல மச்சாள்."

"இது நாலரைக்கு இறங்கிரும். ஒவ்வொரு நாளும் நான் குசினிக்குள்ள நிண்டு பாக்கிறதான். சிவப்பு இறங்கினா, ஆள் வந்திட்டாரு எண்டு நான் என்ட வேலையப் பாப்பன். இண்டைக்கு அஞ்சு மணியாகியும் அப்பிடியே கிடக்கு. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. வீட்டுக்குள்ள விழுந்து கிடக்காரோ, வாவிக்க போயிட்டாரோ எண்டு கதவெல்லாம் தட்டிப் பாத்து, இந்த முழங்காலோட மேல வரைக்கும் ஏறிட்டன்."

நான் படிக்குக் கிட்டப் போனேன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏறினதுதான் ஏறின, பொழுதுபடப் போகுது, சீலைய விடப்படாதெண்டு எடுத்திட்டு வந்தன். கழுவாத சீலைய நாள் முழுக்கக் காயப்போடுறீங்க, ஏன் எண்டும் விளங்கல்ல." மடியிலிருந்த விரிப்பைத் தட்டினார். "ஆரிட்டக் கேக்கிற?"

மேலிருந்து நான் பார்ப்பதற்காகக் கட்டியதை, இரண்டு மாதமாகக் கீழிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. மேலே சிவப்பைக் காணாமல் நான் அழுத நேரத்தில் இவர் என் கதவைத் தட்டிவிட்டு, என் கூரையில் நின்றிருக்கிறார்.

"விமானம் ஓட்டினன் மச்சாள்" என்றேன். "இண்டைக்குத் தனிய."

"எது? காலையில இரைஞ்சுகொண்டு திரியுற அந்தச் சின்னனா?"

"ஓம்."

"அதுக்குள்ள நீங்களா?"

"ஓம்."

அவர் வானத்தை ஒருதரம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சிக்குச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அதான் உங்கட வருத்தம், ஆருக்கும் ஒண்டும் சொல்லாத வருத்தம்" என்றார். படியைப் பிடித்து மெல்ல எழும்பி, மடித்த விரிப்பை என் கையில் தந்தார். "முதல்ல தலையத் துடைங்க. மறுகா ஃபோன எடுங்க."

விரிப்பில் வெயில் வாசம் இன்னும் இருந்தது. கலியாணத்துக்கு வந்து இருபது வருடத்தில் முதல்தரமாக அது ஓர் உடம்பில் பட்டது. நான் துடைத்து முடியும்வரை அவர் போகாமல் நின்றார். பிறகு கடப்பை நோக்கி நடந்து, பாதி வழியில் திரும்பினார்.

"நாளைக்கும் போவீங்களா?"

"நாளைக்குத்தான் கடைசி நாள்."

"பிந்துறதெண்டாச் சொல்லிட்டுப் போங்க."

"சொல்லிட்டுத்தான் போவன் மச்சாள்" என்றேன்.